கிட்டப்பாவின் தொண்டையும் நம்ம ஊர் கூத்துக்காரர் தொண்டையும்

1) திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி பக்கத்து சொந்தங்களுக்கு இந்த இழை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடத்துகிற விழாக் கமிட்டிக்காரர்கள் அவசியம் படிங்க.

2) எஸ்.ஜி. கிட்டப்பா. 1906 ஆகஸ்ட் 25, செங்கோட்டையில் பிறந்தவர். சின்னப் பையனாக மேடை ஏறி, கன்னையா கம்பெனி நாடகங்களில் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர். மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் போய்ச் சேரணும்.

3) அவர் வளர்ந்த காலத்திலேயே சினிமா வந்துவிட்டது. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்துவிட்டார். ஆனால் அது ஊமைப்படம். முகத்தைப் பிடிக்கும், குரலைப் பிடிக்காது. குரலே சொத்தாக இருந்தவருக்கு அதனால் என்ன பயன்?

4) 1931இல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ்ப்படம் பேச ஆரம்பித்தது, பாடவும் ஆரம்பித்தது. பாடத் தெரிந்த நாடக நடிகர்களைத் தேடித்தேடிப் பிடித்தார்கள். கிட்டப்பாவுக்கு அப்போ வயசு 25.

5) 1933 டிசம்பர் 2 அன்று இறந்துபோனார். வயசு 27. அடுத்த வருஷமே தியாகராஜ பாகவதர் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். மனைவி கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். கிட்டப்பா ஒரு படத்தில்கூட இல்லை. மிச்சம் இருப்பது சில இசைத்தட்டுகள் மட்டும்.

6) குடிப்பழக்கமும் கெட்டுப்போன உடம்பும் அவருடைய கடைசிக் காலத்தைத் தின்றதை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். நாம் "சாமி கொடுத்த குரல்" என்று மட்டும் பேசுகிறோம். அந்தக் குரல் குடியிருந்த உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை.

7) கொஞ்சம் மருத்துவம் பேசலாம். சாதாரணமாகப் பேசும்போது ஒரு ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 தடவை அதிரும். ஐந்தரைக் கட்டை சுதியில் மேல் சட்ஜமத்தைத் தொட்டால் 400 தடவைக்கு மேல். ஒவ்வொரு அதிர்விலும் இரண்டு நாண்களும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கின்றன. இதை ராத்திரி முழுக்கச் செய்து பாருங்கள்.

8) நம்ம ஊர் கூத்துக்காரர் அதைத்தான் செய்கிறார். ராத்திரி ஆரம்பித்தால் விடியற்காலை வரை. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை எல்லாவற்றுக்கும் மேலே குரல் எழும்பணும். துரியோதனன் வேஷம் கட்டியவர் காலையில் படுகளத்திலும் கர்ஜிக்கணும். மறுநாள் வேறு ஊர்.

9) விளைவு? நாண்களில் காய்ப்புபோல முடிச்சு விழும். சில நேரம் ஒரே ஒரு கத்தலில் ரத்தம் கசியும். விடியற்காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி தொண்டையைப் புண்ணாக்கும். குடித்துவிட்டுப் பாடினால் வலி தெரியாது. வலி தெரியாததால் இன்னும் கத்துவார். பீடியும் புகையிலையும் மதுவும் சேர்ந்தால் குரல்வளைப் புற்றுநோய் அபாயம் ஏறும்.

10) "மிளகு, பனங்கற்கண்டு சாப்பிட்டா சரியாயிடும் டாக்டர்" என்பார்கள். இதமா இருக்கும், சாப்பிடுங்க. ஆனா விழுங்குவது எதுவும் குரல்நாண் மேல் படாது, அது உணவுக்குழாய் வழியே போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறுவது அதைவிட ஆபத்து. வீக்கம் குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே காயம் பெரிசாகும்.

11) குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் இ.என்.டி டாக்டரைப் பாருங்க. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சின்னக் குழாய் கேமராவில் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். முடிச்சு என்றால் குரலுக்கு ஓய்வும் பயிற்சியுமே பலருக்குப் போதும். புற்றுநோய் என்றாலும், குரல்நாணில் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்க முடியும்.

12) "போகலாம் சார், சீசன்ல ஒரு ராத்திரி விட்டா வீட்டுல அடுப்பு எரியாது" என்பார்கள். நியாயம்தான். அதனால்தான் இதைக் கலைஞர் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்கிறேன். கூத்து வைக்கிற ஊருக்கும் பொறுப்பு உண்டு.

13) நான் கேட்பது நாலே விஷயம்.
— நல்ல மைக் வையுங்க. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கிற மாதிரி அவர் பக்கமும் ஒரு ஸ்பீக்கர் திருப்புங்க. தன் குரல் கேட்காதவர்தான் கத்துவார்.
— மேடைக்குப் பின்னால் குடிதண்ணீர் வையுங்க. சாப்பாட்டைக் கூத்துக்கு முன்னாடியே போடுங்க.
— மரியாதை என்று சரக்கு வாங்கிக் கொடுக்காதீங்க. அந்தக் காசைச் சம்பளத்தில் சேருங்க.
— பல நாள் கூத்து என்றால் முக்கிய வேஷக்காரருக்கு நடுவில் ஒரு ராத்திரி ஓய்வு. சம்பளத்தோடு.

14) அரசுக்கு ஒன்று. சீசனுக்கு முன்னாடி திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கூத்துக் கலைஞர்களுக்குத் தொண்டைப் பரிசோதனை முகாம் வையுங்கள். கபடி வீரருக்கு முழங்கால் எப்படியோ, கூத்துக்காரருக்குத் தொண்டை அப்படி. பொன்னாடையும் விருதும் பிறகு தரலாம்.

15) விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் நாடகக் கம்பெனியில் வளர்ந்து சினிமா வரைக்கும் வந்தார். உடம்பு கூடவே வந்ததால்தான் அது நடந்தது. கிட்டப்பாவுக்கு வாய்க்கவில்லை. உங்க ஊர் வாத்தியாருக்கு வாய்க்குமா இல்லையா என்பதில் உங்க கமிட்டிக்கும் பங்கு இருக்கு.

உங்க ஊர் கூத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு இதை அனுப்புங்க.