மடிக்கணினியை மாற்றும் முன்...

மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் ஒரு மைலோ கலக்கிக்கொண்டு திரும்பினாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறதா? "இது பழசாயிடுச்சும்மா, புதுசு வாங்கலாம்" என்று பிள்ளைகள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்களா? பணப்பையைத் திறப்பதற்கு முன் இந்த வாரப் பத்தியைப் படித்துவிடுங்கள். பல வீடுகளில் வயதானது கணினிக்கு அல்ல, அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும்தான். அதைத் தனியாக மாற்றலாம். ஆகும் செலவு, புதிய மடிக்கணினி விலையில் ஒரு சிறு பங்குதான்.

இசைத்தட்டும் ஹார்ட் டிஸ்க்கும்

வானொலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுற்றுகிறது, முள் நகர்ந்து வேண்டிய பாட்டுக்குப் போகிறது. ஹார்ட் டிஸ்க்கும் அதே கதைதான். மடிக்கணினியில் இருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும்; அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஒரே வித்தியாசம், இங்கே 'முள்' தட்டைத் தொடாது. தலைமுடியின் தடிமனைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் மிதந்தபடி படிக்கும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கீழே போட்டால் வட்டு முதலில் அடிபடுகிறது.

ஒரு முழுப் படத்தை நேராகப் படிக்கச் சொன்னால் இந்த வட்டு விநாடிக்குச் சுமார் 100 மெகாபைட் கொடுக்கும், அது மோசமில்லை. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முள் நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். உங்கள் நேரம் போவது அங்கேதான்.

எஸ்எஸ்டி என்பதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சில்லுகள். தேடும் நேரம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்த கணினி, எஸ்எஸ்டிக்கு மாறியதும் அரை நிமிடத்துக்குள் தயாராவது வழக்கமாகப் பார்க்கும் மாற்றம்.

இந்த மாற்றம் நம் ஊரிலேயே கண்ணெதிரே நடந்தது. பெட்டாலிங் ஜெயாவில் பல ஆண்டுகள் இயங்கிய தன் ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அறிவித்தது. அதே சமயத்தில் பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்கியது.

முதலில் நோய், பிறகு மருந்து

வேகம் குறைந்தால் வட்டுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில், உங்கள் வட்டு ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பெரும்பாலும் எழுதியே இருக்கும். பெரிய வேலை எதுவும் ஓடாத நேரத்திலும் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால், சந்தேகம் வட்டின் மேல். டிஸ்க் சும்மா இருக்க 'மெமரி' நிரம்பி வழிந்தால், கூட்ட வேண்டியது ரேம். ரேம் என்பது வேலை செய்யும் மேசை, வட்டு என்பது அலமாரி. மேசை சின்னதாக இருந்தால் அலமாரியை மாற்றி என்ன பயன்?

வட்டின் உடல்நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நீலத்தில் 'குட்' என்றால் இப்போதைக்குக் கவலையில்லை. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் வட்டு உங்களிடம் விடைபெறத் தயாராகிறது என்று பொருள்.

'டிக்... டிக்...' என்று உள்ளே தட்டும் சத்தம் கேட்டால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, ஏதோ ஒரு பழுதுபார்க்கும் மென்பொருளை ஓட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது, எல்லாமே இருக்கும் கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் கெடுக்கும். உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத படங்கள் என்றால், தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம் நேராகக் கொண்டுபோங்கள்.

வட்டு போனால் வாங்கலாம்

இந்தப் பத்தியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வட்டைக் கடையில் வாங்கலாம். தாத்தாவின் கடைசித் தீபாவளிப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. திருகாணியில் கை வைப்பதற்கு முன், முக்கியமான எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஒரு நகல் வெளி வட்டில். இன்னொன்று வீட்டுக்கு வெளியே, மேகச் சேமிப்பிலோ அக்கா வீட்டிலோ.

ஏன் வீட்டுக்கு வெளியே? 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது நமக்கு மறக்காது. கணினியும் அதன் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். ஹார்ட் டிஸ்க் பல சமயம் முனகிவிட்டுத்தான் சாகும். எஸ்எஸ்டி சத்தமே போடாமல் ஒரு நாள் நின்றுவிடலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் கடினம்.

எது பொருந்தும்?

கடைக்குப் போகும் முன் உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் இருக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் எந்த வகை வட்டு என்று போட்டிருப்பார்கள்.

ஹார்ட் டிஸ்க்கோடு வந்த மடிக்கணினியில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா வகை இருக்கும். அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய வட்டு 9.5 மில்லிமீட்டராக இருந்தால் புதியது சற்றே ஆடும், அதற்கு ஒரு மெல்லிய சட்டம் வைத்தால் போதும்.

புதிய கணினிகளில் எம்.2 என்ற, சூயிங்கம் பட்டை போன்ற அட்டை இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதற்குள் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. உங்கள் கணினி எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கினால், துளையில் உட்கார்ந்தும் வேலை செய்யாமல் போகலாம். என்விஎம்இ பல மடங்கு வேகம் என்று விளம்பரம் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் பாடம், பில், யூடியூப் என்று இருக்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவுவதுதான் பெரிய தாவல்.

சில மலிவு மடிக்கணினிகளிலும் அண்மைக்கால மேக்புக்குகளிலும் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற வழியில்லை. வாங்கும்போதே அளவைப் பார்த்து வாங்குவதுதான் ஒரே வழி.

"1 டெராபைட் வாங்கினேன், 931 ஜிகாபைட்தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று கோபப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

மாற்றும் நாள்

வழிகள் இரண்டு. ஒன்று, புதிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேசிங்கில் போட்டு இணைத்து, பழைய வட்டை அப்படியே பிரதி எடுப்பது. இன்னொன்று, 8 ஜிகாபைட் பென்டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவுவது. பழைய வட்டு நலமாக இருந்தால் முதலாவது சுலபம். குப்பை நிறைய சேர்ந்திருந்தால் இரண்டாவது நல்லது. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு சேர்ந்தது என்பதால், வட்டை மாற்றினால் மறுபடி பணம் கட்ட வேண்டி வராது. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

இதெல்லாம் தலைவலி என்பவர்கள் லோ யாட் பிளாசாவிலோ, சிங்கப்பூர் என்றால் சிம் லிம் ஸ்குவேரிலோ கொடுத்துவிடலாம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். எந்த பிராண்ட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கிளம்பும்போது, "அண்ணே, என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, குடும்பப் படம் எல்லாம் இருக்கிறது. அவசர ஃபார்மெட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல. பக்கங்கள் உள்ளேயே இருக்கும்.

நல்ல நிலையில் உள்ள பழைய வட்டை கேசிங்கில் போட்டால் அதுவே உங்கள் வெளி வட்டு. வேகம்தான் குறைவே தவிர, பெட்டகமாக அது இன்னும் உழைக்கும்.

எப்போது வேண்டாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். வட்டை மாற்றுவதால் இந்தத் தகுதி வந்துவிடாது. உங்கள் கணினி அதைவிடப் பழையது, வங்கி வேலையும் அதில்தான் நடக்கிறது என்றால், எஸ்எஸ்டிக்குச் செலவிடும் பணத்தைப் புதியதற்குச் சேர்த்து வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலும், கீல் உடைந்திருந்தாலும் அதே கணக்குதான்.

மற்றபடி, நல்ல செயலி, போதுமான ரேம், மெதுவான ஹார்ட் டிஸ்க் என்று ஒரு கணினி உங்கள் வீட்டில் இருந்தால், அது இன்னும் சில ஆண்டுகள் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்குத் தாராளமாகப் போதும்.

எஸ்எஸ்டியை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. படங்களை மட்டும் இன்று மாலையே நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.