பேரிங் போனா யாருக்குச் செலவு?

லாரி சக்கரத்தைப் பற்றி பி.காம். படிக்கிறவன் எழுதுவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மாமாவுக்கு போன் வந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இடது பின் சக்கரத்தில் புகை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து ஓரம் கட்டிவிட்டார். பார்க்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் வண்டி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். எதிரே பைக்கில் யாராவது வந்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

அருள்புரத்துக்காரர்களுக்கு லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம் ரோட்டில் நூல் மூட்டை, துணி ரோல், அட்டைப்பெட்டி என்று நாள் முழுக்க அதுதான் ஓடுகிறது. டீக்கடையில் டாலர் விலை பேசுவோம், நூல் விலை பேசுவோம், சாயப்பட்டறை பேசுவோம். பேரிங்கைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஹப்பைப் பிரித்துப் பார்த்தால் கதை தெரிந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் அதே சக்கரத்தில் பேரிங் மாற்றியபோது கோனை மட்டும் புதுசு போட்டிருக்கிறார்கள். "கப்பு நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்கு வீண் செலவு?" என்று மெக்கானிக் சொல்ல, மாமா தலையாட்டியிருக்கிறார். ஆயில் சீலும் பழசுதான். ஆளுக்குப் பாதிப் பழி.

லாரி சக்கரத்தில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். ஹென்றி டிம்கன் என்பவர் 1898இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தொழில் குதிரை வண்டி செய்வது. வளைவில் திரும்பும்போது சக்கரத்துக்கு மேலிருந்து வரும் எடை மட்டும் இல்லை, பக்கவாட்டில் ஒரு தள்ளலும் வரும். உருளைகளைச் சாய்த்துக் கூம்பு மாதிரி அடுக்கினால் இரண்டையும் ஒரே பேரிங் தாங்கும். லாரி ஹப்பில் இப்படி இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். உருளைகளோடு இருக்கும் உள்பகுதி கோன். அது ஓடும் வெளிவளையம் கப்.

இரண்டையும் தனித்தனியாகக் கழற்றலாம் என்பது இந்த டிசைனின் பெரிய வசதி. வம்பும் அதில்தான். பழைய கப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். அதன்மேல் புது உருளை ஓடினால் புதுசும் சீக்கிரம் பழசாகும். கோன், கப், சீல் மூன்றையும் சேர்த்து மாற்று என்று சொல்வது கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சொல்வதில்லை. (சில சமயம் அதுவும்தான்!)

அடுத்தது நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முறுக்கி, உருளைகள் சரியாக உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்த்திப் பூட்ட வேண்டும். மிச்சம் இருக்க வேண்டிய ஆட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 5 பங்கு என்று அமெரிக்க லாரித் தொழிலில் வழிகாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். அதை அளக்க டயல் கேஜ் வேண்டும். நம்ம ஊரில் கைதான் கேஜ். கை சரியாக இருக்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, பசியோடு, அடுத்த வண்டி காத்திருக்கும்போது அந்தக் கை எப்படி இருக்கும்?

இனி நம்ம சப்ஜெக்ட், கணக்கு. ரோலர் பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு ஃபார்முலா உண்டு. சுமை ஏற ஏற, ஆயுள் அதன் 10/3 அடுக்கில் குறையும். சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன் இருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 ஆனது. கூடுதல் லோடு, கூடுதல் வருமானம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். பழைய வண்டியில் அதே பேரிங்கோடு புது வரம்பு வரைக்கும் ஏற்றினால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இது சட்டப்படி ஏற்றியதற்கு. அதற்கு மேலே ஏற்றுவதை நான் சொல்லவே இல்லை.

வாடகை பேசும்போது இந்த மூன்றில் ஒரு பங்கு யார் கணக்கிலாவது வருகிறதா? லோடு அனுப்புகிறவருக்கு டன்னுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. தேய்மானம் முழுக்க வண்டிக்காரர் தலையில். வரியும் அவருக்குக் கை கொடுப்பதில்லை. 44ஏஇ என்று நாங்கள் பாடத்தில் படித்த அனுமான வருமானத் திட்டத்தில், பத்து வண்டிக்கு மேல் இல்லாதவருக்கு, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 18.5 டன் லாரிக்கு ஏறக்குறைய 18,500. செலவெல்லாம் அதிலேயே கழிந்ததாக அர்த்தம். நல்ல பேரிங் போட்டாலும் அதே வரி, கப்பை மிச்சம் பிடித்தாலும் அதே வரி. கணக்கு எழுதும் வேலை மிச்சம் என்பதால் மாமாவுக்கு இந்தத் திட்டம் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அவர் கணக்கு எழுதினால் நான்தானே எழுத வேண்டும் :-)

பேரிங்குக்கும் துணிக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஜவுளி மில் ஒன்றில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினியர் வேலை பார்த்தார். மில் கட்டிய இடம் களிமண். தரை அசைய அசைய ஷாஃப்ட் கோணி, பேரிங் அடிக்கடி போகும், மில் நிற்கும். அவர் 1907இல் தானே நேராக்கிக்கொள்ளும் பால் பேரிங்கைக் கண்டுபிடித்தார். மில் முதலாளிகளே பணம் போட்டார்கள், எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்தது. நஷ்டம் மில்லுக்கு என்பதால் மில் பணம் போட்டது. இங்கே நஷ்டம் ஒரு பக்கம், லோடை முடிவு செய்கிறவர் இன்னொரு பக்கம்.

வெளிநாட்டில் சில லாரிகளில் கிரீஸ், சீல், அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் ஃபேக்டரியிலேயே முடிந்து ஒரே யூனிட்டாக வரும் ஹப் பேரிங் இருக்கிறது. நட்டில் கைப்பக்குவம் தேவையில்லை. ஆனால் கெட்டால் முழுசாக வாங்க வேண்டும். இரண்டு லாரி வைத்திருப்பவருக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. தனித்தனியாக வாங்கும் பழைய டிசைனே நமக்கு நல்லது, முழு செட்டாக மாற்றுவதாக இருந்தால். வாடகை பேசும்போது டீசல், டோல் மாதிரி சக்கரச் செலவும் ஒரு வரியாக வர வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் இதைக் கேட்டால் அதிகப்படி என்று யாரும் சொல்ல முடியாது.

மாமா கப்பிலும் சீலிலும் மிச்சம் பிடித்தது இரண்டாயிரத்துக்கும் கீழே. ஆக்ஸில் முனை வேலை, வேறு லாரி பிடித்து லோடு மாற்றிய கூலி, வண்டி நின்ற நாலு நாள் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. நோட்டில் நான்தான் கூட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்த வலது பக்கத்தையும் நாளைக்குப் பிரிக்கச் சொல்லு கண்ணு" என்றார்.