தானே நிற்கும் மோட்டார்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் பொழுது புலரும் நேரத்தில் தெருவில் நடந்து செல்வோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரோரமாக வழிந்து சாக்கடையைச் சேர்ந்துகொண்டிருக்கும். கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டார் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அதை மறந்திருப்பர். வழியே செல்பவர் எவரேனும் குரல் கொடுத்த பின்னரே சுவிட்சு அணைக்கப்படும்.

இதைச் சிறு மறதி என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஆனால் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் வீணாக ஓடினால், மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்தில் அது இருபது மணி நேரம். அதாவது இருபது யூனிட். அம்மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் மட்டுமே இறைப்பதாகக் கொண்டாலும், அதே காலத்தில் 36,000 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஒரு வீட்டின் கணக்கு இது. ஒரு தெருவுக்கு எவ்வளவு என்பதை அங்கத்தினர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரின் அருமையை இப்பகுதி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் ஏற்றிவரப்பட்டு, அம்பத்தூருக்கு அருகிலுள்ள வில்லிவாக்கத்தில் இறக்கப்பட்டது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயிலில் தண்ணீரை வரவழைத்த ஊரில், தொட்டி வழிய வழிய மோட்டாரை ஓடவிடுவது முறையாகுமா?

மறதியைக் கடிந்துகொள்வதால் பயன் விளையாது. மறந்தாலும் தீங்கு நேராதபடி ஓர் ஏற்பாடு செய்துகொள்வதே அறிவுடைமை. அவ்வேற்பாடு இன்று எளிதில் கிடைக்கிறது. குறித்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கடிகாரச் சுவிட்சு ஒன்று. தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சு மற்றொன்று. தொலைவிலிருந்தே கைபேசியாலோ ரிமோட்டாலோ இயக்கப்படும் பிளக்குகளும் வந்துள்ளன. இவற்றுள் எது எவ்விடத்துக்கு ஏற்றது என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுத் தொட்டிக்கு மிதவைச் சுவிட்சே போதும். அதற்குக் கைபேசி வேண்டியதில்லை.

கழனிக்கு வருவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மாநிலத்தில் உழவுப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று நிச்சயமில்லாத இடங்களில் உழவர் ஒரு வழி கண்டனர். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்தினர். நள்ளிரவில் வரப்பில் நடந்து பாம்புக்கும் ஈரச் சுவிட்சுக்கும் அஞ்சிய உழவரை இவ்விஷயத்தில் குறைகூற இயலாது. ஆயினும் தானே தொடங்கும் மோட்டாருக்குத் தானே நிற்கும் வழி அமைக்கப்படவில்லை. பயிருக்கு வேண்டிய நீர் பாய்ந்த பின்னும் அது இறைக்கிறது. கிணற்றில் நீர் வற்றிய பின்னும் வெறுமனே சுழன்று தன்னையே எரித்துக்கொள்கிறது. ஐந்து குதிரைத் திறன் மோட்டார் மூன்று மணி நேரம் வீணாக ஓடினால் பன்னிரண்டு யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். அதற்கு உழவர் பணம் கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சுருள் கட்டும் கூலியை அவரே கொடுக்கிறார். அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்கும் செலவும் அவர் தலையில்தான் விழுகிறது.

இதற்கு மாற்று உண்டு. புனா நகரைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், முதிய வயதிலும் பம்பை இயக்குவதற்காகத் தோட்டத்துக்கு நடந்து செல்லும் தம் பாட்டனாரின் துன்பத்தைக் கண்டவர். அவர் ‘நானோ கணேஷ்’ என்னும் கருவியை அமைத்தார். வீட்டிலிருந்தபடியே கைபேசியால் பம்பை ஓட்டவும் நிறுத்தவும், மின்சாரம் இருக்கிறதா என்று அறியவும் அது உதவுகிறது. அதன் பின்னர் இத்தகைய கருவிகள் பல வந்துவிட்டன. இவற்றை வாங்கும் உழவருக்கு மானியம் வழங்கும் திட்டத்தை நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையும் மேற்கொண்டது. கடிகாரத்தை மட்டும் நம்பினால் மின்சாரம் வரும் நேரம் மாறும்போது கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே, இத்தனை மணி நேரம் ஓடியதும் நிற்க வேண்டும், நீர் இல்லையேல் உடனே நிற்க வேண்டும், ஒரு முனை அறுந்தாலும் நிற்க வேண்டும் என்ற மூன்று காவல்களும் உள்ள கருவியே கழனிக்கு உகந்தது.

ஓர் எச்சரிக்கை. தொலைவிலிருந்து இயங்கும் மோட்டார், பழுது பார்ப்பவர் அதன்மேல் கைவைத்திருக்கும்போதும் திடீரென ஓடக்கூடும். எனவே பழுது பார்க்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது கட்டாயம்.

இனி நெசவாளர் இல்லம். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் வீடுகள் பல. நூலும் பாவும் பஞ்சுத் தூசியும் சூழ்ந்த அறையில், தளர்ந்த பிளக்கில் எழும் ஒரு பொறியே பெருந்தீக்குப் போதுமானது. வேலை முடிந்து உறங்கச் செல்லும்போது விளக்கு, விசிறி, தார் சுற்றும் மோட்டார் ஆகிய அனைத்தையும் ஒருசேரத் துண்டிக்கும் கடிகாரச் சுவிட்சு அங்கே மிகவும் பயன்தரும். 2023 மார்ச்சு முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்தது 1000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டன. தொட்டி வழிவதால் மட்டும் இருபது யூனிட் போகுமானால், கைத்தறியாளர் பெற்ற அந்த 300 யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்கைச் சாக்கடைக்கு அளிக்கிறோம் என்று பொருள்.

“எல்லாப் பிளக்குகளையும் இவ்வாறு மாற்றிவிடலாமே” எனச் சிலர் ஆர்வத்தோடு கேட்பர். அது வீண் செலவு. கைபேசி ஏற்றும் கருவி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகச் சிறிது. தொலைவிலிருந்து இயங்கும் பிளக்கோ, எந்நேரமும் விழித்திருப்பதற்காகத் தானே ஒரு வாட் அளவு உண்ணும். இரண்டு மாதத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை யூனிட். இத்தகைய இடத்தில் சேமிப்புக்குப் பதில் நட்டமே மிஞ்சும்.

சூடேற்றும் சாதனங்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகக் கூற வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, வாளியில் அமிழ்த்தும் வெந்நீர்க் கம்பி ஆகியவற்றை அணைப்பதற்குக் கடிகாரம் துணைசெய்யலாம். அருகில் ஆளில்லாதபோது தொலைவிலிருந்து அவற்றை ஏற்றவே கூடாது. துணியின்மேல் கிடக்கும் பெட்டியையும் நீர் வற்றிய வாளியையும் கைபேசி காணாது. 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன் ஒன்பது ஆம்பியர் அளவு இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் பொருத்தினால் சேமிப்புக் கருவியே தீக்குக் காரணமாகும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இக்கருவிகள் மின்னதிர்ச்சியைத் தடுப்பவை அல்ல. அதற்கு முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் தனியே வேண்டும்.

“கையால் அணைப்பதற்குக் கூடவா கருவி? இது சோம்பலை வளர்க்காதா?” என்று வினவும் பெரியோரும் உளர். அணைப்பதே முறை, அதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் பகல் முழுதும் தறியிலோ கழனியிலோ தொழிற்சாலையிலோ உழைத்துவரும் மனிதருக்கு அயர்ச்சி இயல்பு. ஒருவர் ஒருநாள் அயர்ந்ததற்குக் குடும்பம் முழுவதும் வீட்டை இழக்க வேண்டியதில்லை.

இங்கேதான் சங்கத்தின் கடமை பிறக்கிறது. தனியொருவர் கடைக்குச் சென்றால் தரமறியாது மலிவானதை வாங்கி ஏமாற நேரும். சங்கம் ஐம்பது அங்கத்தினருக்கு ஒருசேர வாங்கினால், இந்தியத் தர நிர்ணய முத்திரையைச் சோதித்து வாங்கலாம், விலையும் குறையும். உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரைக் கொண்டு எல்லா வீடுகளிலும் பொருத்தலாம். விலையைத் தவணையில் பெறலாம். முதலில் சங்கக் கட்டடத்தின் மோட்டாருக்கே ஒன்றைப் பொருத்தி, இரண்டு மாத மின்கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது.

ஆவடிக்கு மேற்கே திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட பகுதி இது. தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்யும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். அதுவரையில், இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஒருமுறை மோட்டார்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டுச் செல்வோமாக.