கள்ளக்குறிச்சிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம்

2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்கு உழைத்து அன்றாடம் உண்ட ஏழைகள். பெண்களும் அவர்களில் இருந்தனர். அதற்குச் சுமார் ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இதே விஷம் 20க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. முதற் சாவிலிருந்து நாம் பாடம் கற்றிருந்தால் இரண்டாவது சாவு நேர்ந்திராது. இரண்டாவதிலிருந்தும் கற்காவிட்டால் மூன்றாவது வந்தே தீரும்.

நடந்தபின் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூபரின்டெண்டெண்டு சஸ்பெண்டு செய்யப்பட்டார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் விளைவிக்கும் சாராய வியாபாரத்திற்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு வழக்கை மத்தியப் புலனாய்வு ஸ்தாபனத்திடம் ஒப்புவித்தது. இவை யாவும் அவசியமானவையே. ஆனால் இவை யாவும் குற்றத்தைத் தொடர்ந்து செல்பவை. விஷத்தைத் தொடர்ந்து சென்று, அது உடலில் என்ன செய்கிறது, அதை எப்படி விரைவில் கண்டுகொள்வது, பிழைத்தவனை எப்படிக் காப்பது என்று ஆராயும் வேலையைப் போலீஸாரோ கோர்ட்டோ செய்ய முடியாது. அது சர்வகலாசாலையின் வேலை. அந்த வேலைக்குரிய நிலையம் ஒன்று கள்ளக்குறிச்சியிலேயே ஏற்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இந்த விஷத்தின் இயல்பைச் சற்று விளக்குவது அவசியம். இது மெத்தனால் என்னும் மெதைல் ஆல்கஹால். பெயிண்டு, பிசின், மருந்து முதலியவற்றின் உற்பத்தியில் தொழிற்சாலைகளுக்கு இது வேண்டியிருக்கிறது. நிறத்தில் தண்ணீரையும், போதையில் சாராயத்தையும் ஒத்திருப்பதால் குடிப்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. உள்ளே சென்ற மெத்தனாலை ஈரலிலுள்ள ஒரு நொதி முதலில் பார்மால்டிஹைடாகவும், அது உடனே பார்மிக் அமிலமாகவும் மாறும்படி செய்கிறது. எறும்பின் கடியில் எரிகிறதே, அதே அமிலந்தான். அது ரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கிறது. கண்ணின் நரம்பை முதலில் தாக்குகிறது. கொடுமை என்னவெனில், இத்தனையும் நடக்கச் சுமார் அரை நாளோ ஒரு நாளோ ஆகிறது. குடித்தவன் வீட்டுக்குச் சென்று உறங்கி எழுகிறான். பிறகே வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். அதற்குள் அவனுடன் குடித்தவர்களும், அதே கடையில் வாங்கியவர்களும் அதே வழியில் சென்றிருப்பார்கள்.

இந்த விவரங்கள் ஒரே நாளில், ஒரே சாஸ்திரத்தின் முயற்சியால் கிடைத்தவையல்ல. 1940களில் நார்வே நாட்டுக் கண் வைத்தியர் ஒலுஃப் ரோ என்பவர், ரத்தம் புளிப்பதற்கும் கண் கெடுவதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். எலியையும் நாயையும் வைத்துச் சோதித்த ரஸாயன நிபுணர்கள் நெடுங்காலம் ஏமாந்தனர். அந்த ஜந்துக்களின் உடல் பார்மிக் அமிலத்தை வேகமாக அழித்துவிடுவதால், மனிதனுக்கு வரும் வியாதி அவற்றுக்கு வருவதில்லை. 1955-ல் அமெரிக்காவில் குரங்குகளை ஆராய்ந்த பிறகே உண்மை வெளிப்படத் தொடங்கியது. 1975-ல் அயோவா சர்வகலாசாலையின் மருந்தியல் நிபுணர்கள் பார்மிக் அமிலமே முக்கியக் குற்றவாளி என்று நிலைநாட்டினர். இதற்கிடையே, நொதிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1955-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் விஞ்ஞானி ஹூகோ தியோரெல், ஈரலின் அந்த நொதியைப் பைரஸோல் என்னும் பொருள் கட்டிப்போடுவதை ஆராய்ந்தார். அவ்வழியில் வந்ததே ஃபோமெபிஸோல் என்னும் மாற்று மருந்து. 2000-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மெத்தனால் விஷத்திற்கு அதை உபயோகிக்க அனுமதி கிடைத்தது; 2013-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, இன்று ஒரு நோயாளியின் கையில் ஏற்றப்படும் மருந்துக்குப் பின்னால் கண் வைத்தியரும், ரஸாயன சாஸ்திரியும், மருந்தியல் நிபுணரும், நொதியை ஆராய்ந்தவரும் சேர்ந்து நிற்கிறார்கள். தனித்தனி அறையில் தனித்தனியே உட்கார்ந்திருந்தால் இந்த மருந்து பிறந்திராது.

செக் நாட்டில் நடந்தது நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம். 2012 செப்டம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தனர். சர்க்கார் சில தினங்களிலேயே கடும் மது வகைகளின் விற்பனையை நாடெங்கும் நிறுத்தியது. அதோடு விடவில்லை. பிராகு நகரத்துச் சார்லஸ் சர்வகலாசாலையின் நிபுணர்கள் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தனர். விஷ வைத்தியர், கண் வைத்தியர், நரம்பு வைத்தியர், மூளையைப் படமெடுப்பவர் யாவரும் ஒரே நோயாளியை ஒருங்கே பரிசோதித்தனர். ஆஸ்பத்திரியை விட்டுப் பிழைத்துச் சென்றவர்களில் சிலருக்குக் கண் நரம்பு ஆண்டுகள் கழித்தும் மெலிந்துகொண்டே போவதைக் கண்டனர். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே மாற்றாக எத்தில் ஆல்கஹால் கொடுக்கப்பட்டவர்கள் மேலான நிலையில் தேறியதையும் கண்டனர். ஃபோமெபிஸோல் விலை மிகுந்தது; எத்தில் ஆல்கஹாலோ எங்கும் கிடைப்பது. ஏழை நாடுகளுக்கு இந்த ஒரு முடிவு எத்தனை உயிர்களுக்குச் சமானம் என்று எண்ணிப் பாருங்கள்!

கருணாபுரத்தில் பிழைத்தவர்களின் கண்கள் இன்று எப்படி இருக்கின்றன? கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய நான்கு இடங்களில் அவர்கள் சிகிச்சை பெற்றனர். நான்கு இடத்துக் குறிப்புக்களையும் ஒன்றுசேர்த்து, அவர்களை வருஷந்தோறும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டிய கடமை யாருடையது? நஷ்ட ஈடு கொடுத்ததோடு இந்தக் கடன் தீர்ந்துவிடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் மரணங்கள் நேர்ந்த அன்று, அவற்றிற்குக் காரணம் சாராயமல்ல என்று ஜில்லா நிர்வாகம் அறிவித்தது. அதை நம்பி மேலும் சிலர் குடித்தார்கள் என்றும், துஷ்டி வீட்டுக்கு வந்தவர்களே குடித்தார்கள் என்றும் செய்திகள் வெளிவந்தன. அதிகாரிகளின் அலட்சியத்தை நாம் மன்னிக்கத் தயாரில்லை. எனினும், ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு அரைமணி நேரத்தில் உண்மையைச் சொல்லக்கூடிய சோதனை அந்த ஆஸ்பத்திரியின் வாசலிலேயே இருந்திருந்தால், எந்த அதிகாரியும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்க முடியாது. நார்வே தேசத்து ஆஸ்லோவில் வைத்தியர் ஹோவ்டா முதலியோர், பார்மிக் அமிலத்தைப் படுக்கையருகிலேயே கண்டறியும் எளிய முறைக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். விஷத்தால் அதிகம் சாகிறவர்கள் நம்மவர்கள். பஞ்சாபில் 2020-ல் 100க்கு மேல். குஜராத்தில் 2022-ல் 40க்கு மேல். அதே வருஷம் பீகாரில் 70க்கு மேல். சாவு நமது, ஆராய்ச்சி பிறருடையது என்ற நிலை சுதந்திர தேசத்திற்கு அழகா?

கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. விஷச் சாராயம் என்றதும் உத்தியோகஸ்தர்களின் கண் அந்த மலைமேல்தான் விழுகிறது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதிகளில் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சுவோர் உண்டென்பதை மறுக்கவில்லை. அது சட்ட விரோதம், குடும்பங்களைக் கெடுப்பது, ஒழிய வேண்டியது. ஆனால் ரஸாயனம் வேறொன்றைச் சொல்கிறது. வெல்லத்தை நொதிக்கவிட்டு வடித்தால் கிடைப்பது முக்கியமாக எத்தில் ஆல்கஹால். அதில் மெத்தனால் அற்ப அளவே இருக்கும். ஊரையே கொல்லும் அளவு மெத்தனால் அடுப்பில் பிறப்பதில்லை. தொழிற்சாலையில் பிறந்து, பீப்பாயில் அடைபட்டு, லாரியில் ஏறி, பல கை மாறி வருகிறது. அதை வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த 1959-ம் வருஷத்திலேயே விதிகள் ஏற்பட்டன. ஆகவே, பானையை உடைக்க மலையேறும் போலீஸார் பீப்பாயின் கணக்கையும் பார்க்கவேண்டும். சோதனைச்சாலையின் சான்று இல்லாதவிடத்தில் பழி எளியவன் தலையில்தான் விழும். மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளிகள் என்று பெயர் பெற்ற அந்தப் பழங்குடி மக்கள், ஜாகீர்தார்களின் கீழ் நெடுங்காலம் அவதியுற்றவர்கள். அவர்களது வாழ்க்கை நிலையைப் பற்றி 2024-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து விசாரிக்கும்படி ஆயிற்று. அவர்கள்மீது ஆதாரமற்ற பழியையும் சுமத்துவது தர்மமாகாது.

நம்மால் இது ஆகுமா என்று சிலர் சந்தேகிக்கக்கூடும். ஆகியிருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சென்னைச் சேரிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்து, சானிடோரியத்தில் படுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வைத்தியர், கிருமி சாஸ்திரி, புள்ளிவிவர நிபுணர், வீடு வீடாகச் சென்ற நர்ஸு எல்லோரும் ஒரே கூட்டமாக உழைத்தனர். வீட்டுச் சிகிச்சையும் சமமான பலனளிக்கும் என்று 1959-ல் முடிவு வெளிவந்தபோது, உலகத்தின் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறியது. 1986-ல் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் பரவியிருப்பதை முதன்முதல் கண்டதும் சென்னை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா என்னும் இரு பெண்மணிகளும், அவர்களுக்குச் சோதனைக்கு இடங்கொடுத்த வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியுமே.

மதுவின் விஷயத்திலேயே நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் நடத்தியது. கல்வராயன் மலையின் மேற்குச் சாரல் அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. மதுவிலக்கால் ஏழையின் குடும்பச் செலவு எப்படி மாறியது என்பதைச் சென்னைச் சர்வகலாசாலை, பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸின் மேற்பார்வையில் ஆராய்ந்தது. சட்டம் இயற்றியதும் சர்வகலாசாலையை அனுப்பிப் பலனைப் பார்த்து வரச் செய்த காலம் அது. அந்த வழக்கம் ஏன் மறைந்தது?

ஆகவே நமது யோசனை இது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு வைத்தியக் கல்லூரியில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்படட்டும். சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலையின் ரஸாயன, சமூக சாஸ்திரப் பேராசிரியர்கள் அதில் பங்கு கொள்ளட்டும். பிழைத்தோரைத் தொடர்ந்து காப்பது முதல் வேலை. விரைவில் விஷத்தைக் காட்டும் சோதனையைத் தாலுகா ஆஸ்பத்திரி வரையில் கொண்டுசேர்ப்பதும், மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பு வசதியும் எங்கெங்கு எவ்வளவு வேண்டுமென்று கணக்கிடுவதும் இரண்டாவது. மெத்தனால் தொழிற்சாலையிலிருந்து எவ்வழியில் தப்புகிறது என்பதை ரஸாயன முறையால் கண்டுபிடிப்பது மூன்றாவது. மூட்டை சுமந்து உடல் நோகிறவன் ஏன் அந்த மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிறான், மலைவாழ் குடும்பத்திற்குக் காய்ச்சுவதை விடுத்து வேறு என்ன ஜீவனம் உண்டு என்று ஆராய்வது நான்காவது. இது வைத்திய சாஸ்திரமன்று என்று ஒதுக்கினால், மற்ற மூன்றும் வீணே.

பூரண மதுவிலக்கு வந்தால் இதெல்லாம் எதற்கு என்பர் சிலர். மதுவிலக்கு நமது லட்சியம். அதிலிருந்து அணுவளவும் விலக மாட்டோம். ஆனால் குஜராத்தும் பீகாரும் மதுவிலக்கு நாடுகளே. அங்கும் விஷம் கொன்றது. சர்க்கார் கடையே திறந்திருக்கும் தமிழ்நாட்டிலும் கொன்றது. இரண்டு கொள்கைக்கும் விஷம் அஞ்சவில்லை என்பதால், எந்தக் கொள்கையினரும் இந்த ஆராய்ச்சியை எதிர்க்க நியாயமில்லை. சென்னையிலேயே செய்யலாமே என்பர் வேறு சிலர். நோயாளி ஓரிடம், விஷம் ஓரிடம், ஆராய்ச்சி வேறிடம் என்றிருந்தால் காகிதம் வளரும், பலன் வளராது. பணத்திற்கு எங்கே போவது என்று கேட்போருக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றே: மதுவின் வரியாக வரும் பணத்தில் ஒரு சிறு துளி இதற்குப் போதும். மதுவால் வந்த பணம் மதுவால் கெட்ட கண்களுக்குச் செலவாவது பிராயச்சித்தமேயாகும்.

ஓர் எச்சரிக்கையும் செய்வோம். ஏழைகளும் மலைவாசிகளும் யாருடைய பட்டத்திற்கும் பரீட்சைப் பொருளாகக் கூடாது. அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கி, சம்மதம் பெற்றே எதையும் செய்யவேண்டும். முடிவுகளும் தமிழில் வெளிவந்து கருணாபுரத்துத் தெருவிலும் வெள்ளிமலைச் சந்தையிலும் படிக்கப்பட வேண்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அந்நிலையத்தில் மாணவர்களாகவும், பின்னர் ஆராய்ச்சியாளராகவும் அமர வேண்டும்.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கருணாபுரத்திற்குச் சென்று மாலை சாற்றியவர்கள் அநேகர். அவர்கள் எந்தக் கட்சியினராயினும், சட்டசபையில் இந்த நிலையத்திற்காக ஒரு தீர்மானம் கொண்டுவரத் தங்கள் பிரதிநிதிகளை வற்புறுத்தட்டும். கட்சிக்கு ஒரு கணக்குச் சொல்லி இறந்தவர்களை எண்ணியது போதும். பிழைத்தவர்கள் கண் ஒளியோடு வாழ வழி தேடுவதே இறந்தவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி. சர்க்கார் இன்னும் தாமதிக்கலாகாது.