சில்லறைக்காரனும் பிரயாணிதான்

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம் அது. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன் பிறகு அந்த ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலால்தான் என்றால் மிகையாகாது. கொத்தனார், சித்தாள், கார்மெண்ட்ஸ் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயா, காவலாளி, ஓட்டல் சிப்பந்தி என்று பல தரத்தாரும் அதில் உண்டு. பெரும்பாலோர் தமிழர்கள். போக சுமார் நூறு கிலோமீட்டர், வர அதே நூறு கிலோமீட்டர்.

இவர்களில் பலர் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி மெட்ரோவுக்கோ பஸ்ஸுக்கோ ஓடுகிறார்கள். அங்கேதான் ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. அட்டை வைத்திருப்பவர் வாசலில் அதைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார். கையில் ரூபாய் நோட்டு வைத்திருப்பவர் டோக்கன் வாங்க வரிசையில் நிற்கிறார். அட்டைக்காரருக்குக் கட்டணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி. நோட்டுக்காரருக்கு முழுக் கட்டணம். இருவரும் ஒரே பெட்டியில் ஏறி, ஒரே நிலையத்தில் இறங்குகிறார்கள். இது நியாயமா என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அட்டையை எதிர்ப்பதல்ல நோக்கம்

அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அட்டை என்பது ரயிலுக்குப் புதிதும் அல்ல. இங்கிலாந்தில் எட்மண்ட்சன் என்ற ரயில்வே ஊழியர் 1830-களின் இறுதியில் எண் அச்சிட்ட சிறு அட்டை டிக்கெட்டைக் கொண்டுவந்தார். கணினி வரும் வரை நம் நாட்டு ரயில் நிலையங்களிலும் அந்த அட்டையே ஆட்சி செய்தது. காசை வாங்கி அட்டையைக் கொடுப்பது அந்தக் காலம். அட்டைக்குள்ளேயே காசை வைப்பது இந்தக் காலம்.

ரொக்கத்தில் உள்ள சங்கடங்களை மறைப்பதும் சரியல்ல. பெங்களூர் மாநகர பஸ்ஸில் பயணம் செய்த எவருக்கும் இது தெரியும். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நடத்துனரின் முகம் சுருங்கும். பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்டு வாங்க மறந்தால் காசு போயிற்று. கேட்டால் சில சமயம் வாக்குவாதம். நடத்துனரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காலையில் முதல் நடைக்கு ஐம்பது பேர் ஏறி, ஐம்பது பேரும் பெரிய நோட்டை நீட்டினால் அவர் எங்கே போவார்? இரவில் டிப்போவில் கணக்கு குறைந்தால் அவர் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இந்தச் சில்லறைத் தகராறு பாதி நிர்வாகமே உண்டாக்கியது. 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தபோது, முதல் கட்டத்துக்கு 5 ரூபாயாக இருந்த டிக்கெட் 6 ரூபாயாயிற்று. ஐந்து ரூபாய்க்கு ஒரு நாணயம் போதும். ஆறு ரூபாய்க்குப் பத்து ரூபாயை நீட்டினால் நாலு ரூபாய் பாக்கி. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரிகள் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிப்பதில்லை. அதனால் இந்த நாலு ரூபாய் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே அட்டையும் செல்போனும் வந்தது நல்லதே. பாக்கி கேட்க வேண்டாம். வரிசையில் நேரம் போகாது. வசூலும் ஒழுங்காகக் கணக்கில் ஏறும். 2019 மார்ச்சில் தொடங்கிய தேசியப் பொதுப் பயண அட்டையின் நோக்கமும் நல்லதுதான். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி வேறு வேறு அட்டை வைத்துக்கொள்ளாமல் ஒன்றே போதும் என்பது அதன் எண்ணம். இதிலெல்லாம் சண்டை இல்லை.

தள்ளுபடி யாருக்கு?

சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்கு மெட்ரோவில் ஒரு தடவைக்கு 40 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் 2 ரூபாய். போக வர 4 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 100 ரூபாய். அட்டை உள்ளவருக்கு இது மிச்சம். இல்லாதவருக்கு இது நஷ்டம். வருடத்துக்கு 1,200 ரூபாய். ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு இதில் அடங்கிவிடும்.

"அப்படியானால் அவரும் அட்டை வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். கேட்பது சுலபம். மெட்ரோ கட்டணம் 2025 பிப்ரவரியில் உயர்ந்தது. குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகக் கட்டணம் 90 ரூபாய் என்றாயிற்று. அப்போதே அட்டையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பும் 90 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பத்து ரூபாய் தூரம் போக வேண்டியவரும் தொண்ணூறு ரூபாயை அட்டைக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்பது இதன் பொருள். மாதச் சம்பளக்காரருக்குத் தொண்ணூறு ரூபாய் பெரிய தொகை அல்ல. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவருக்கு அது ஒரு வேளைச் சமையல். பணக்காரர் பயணத்தை மொத்தமாக வாங்குகிறார். ஏழை அதைச் சில்லறையாகத்தான் வாங்க முடியும். சில்லறையாக வாங்குகிறவருக்கே விலை கூடுதல் என்பது மளிகைக் கடை வழக்கமாக இருக்கலாம். பொதுப் போக்குவரத்தின் வழக்கமாக இருக்கக் கூடாது.

ரொக்கத்தை எண்ணவும், காக்கவும், பாங்குக்குக் கொண்டு போகவும் நிர்வாகத்துக்குச் செலவு ஆகிறது. அந்தச் செலவு மிச்சமாவதால்தான் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்வார்கள். இது பொய்யல்ல. ஆனால் மிச்சமாகும் பணத்தில் பங்கு பெறும் வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு தொகையை வைத்துவிட்டு உள்ளே வா என்றால், அந்தத் தொகை இல்லாதவருக்கு அது தள்ளுபடி ஆகாது.

ரயில்வே காட்டும் பாதை

இதற்கு வழி தெரியாமல் இல்லை. மாரிக்குப்பத்துப் பிரயாணிகளின் சட்டைப் பையிலேயே அது இருக்கிறது. ரயில்வே சீசன் டிக்கெட்டைத்தான் சொல்கிறோம். தினமும் டிக்கெட் எடுத்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் மாத சீசனுக்கு ஆகிறது. அதைக் கவுண்ட்டரில் ரொக்கம் கொடுத்தும் வாங்கலாம், செல்போனிலும் வாங்கலாம். சலுகை இரண்டுக்கும் உண்டு. ஏனென்றால் அந்தச் சலுகை தினம் பயணம் செய்கிறார் என்பதற்காகக் கொடுப்பது. பணத்தை எந்த உருவத்தில் கொடுத்தார் என்பதற்காகக் கொடுப்பதல்ல. இந்த வித்தியாசம்தான் முக்கியம். மாநகர பஸ்ஸில் நடத்துனரிடமே வாங்கக்கூடிய ஒருநாள் பாஸும் இந்த வகைதான். காலையில் ஒரு தடவை காசு கொடுத்தால் அன்று முழுவதும் சில்லறைத் தொல்லை இல்லை.

பஸ்ஸில் பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் கட்டணமில்லையே, இனி என்ன பிரச்னை என்று சிலர் நினைக்கலாம். அந்தச் சலுகை கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும், சாதாரண பஸ்களில் மட்டும். மெட்ரோவில் பெண்களும் கட்டணம் கொடுத்துத்தான் போக வேண்டும். ஓசூரிலிருந்து தினம் வேலைக்கு வந்து போகும் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநகர பஸ்ஸிலும் காசு கொடுத்தே ஏற வேண்டும்.

கூலி ரொக்கமாகத்தான் வருகிறது

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கையில் வருவது எதுவோ அதைத்தான் மனிதன் கொடுக்க முடியும். 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். செல்போன் வழி வந்த வரவைக் கணக்கிட்டு வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறிக் கடை, டீக்கடை, பேக்கரி என்று பலவற்றில் ஒட்டியிருந்த கட்டச் சீட்டைக் கிழித்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். வியாபாரிகள் செய்தது சரியா, துறை செய்தது சரியா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கடைகளில் வேலை செய்தவர்களின் கூலி ரொக்கமாகத்தானே இருந்திருக்கும்? கடைக்காரர் ரொக்கம் மட்டும் என்கிறார். போக்குவரத்து நிர்வாகம் அட்டைக்கே மரியாதை என்கிறது. நடுவில் நிற்பவர் யார்?

சட்டமும் ரொக்கத்தின் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் பாங்க் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி ரூபாய் நோட்டு நாடெங்கும் செல்லத்தக்க பணம். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயத்துக்கும் அந்த மதிப்பைத் தருகிறது. அப்படியிருந்தும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் பாங்க் 2018-ல் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அரசாங்கம் அச்சடித்த காசை அரசாங்க வண்டியிலேயே இரண்டாம் தரமாக நடத்துவது வேடிக்கை.

லண்டனைப் பார் என்று சொல்பவர்கள் உண்டு. லண்டன் பஸ்களில் 2014 ஜூலை 6 முதல் ரொக்கம் வாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே ஆய்ஸ்டர் அட்டை 2003-லேயே வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். ரொக்கம் கொடுப்பவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்த பிறகே நிறுத்தினார்கள். அப்போதும் அட்டையில் பணம் தீர்ந்துபோனவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று, இன்னும் ஒரு தடவை பயணம் செய்ய அனுமதித்தார்கள். அந்தத் தொகையை அடுத்த முறை பணம் போடும்போது கழித்துக்கொண்டார்கள். லண்டனைப் பின்பற்ற விரும்புவோர் அந்தப் பொறுமையையும் பின்பற்ற வேண்டும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் பெரியவை அல்ல. முதலாவது, டோக்கன் கொடுக்கும் கவுண்ட்டர் எந்த நிலையத்திலும் மூடப்படக் கூடாது. காலை, மாலை நெரிசல் வேளையில் கூடுதல் ஆள் வேண்டும். இரண்டாவது, அட்டையில் பத்து, இருபது ரூபாயை ரொக்கமாகப் போட வழி வேண்டும். குறைந்தபட்ச இருப்பு ஒரு தடவைப் பயணத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது, தினம் வந்து போகும் தொழிலாளருக்கு மெட்ரோவிலும் ரயில்வே சீசன் போல, ரொக்கம் கொடுத்து வாங்கத்தக்க மலிவான மாதப் பாஸ் வேண்டும். நான்காவது, பஸ் கட்டணத்தை ஐந்தின் மடங்காக நிர்ணயித்து, முதல் நடைக்குப் புறப்படும் நடத்துனருக்கு டிப்போவிலேயே போதிய சில்லறை கொடுத்தனுப்ப வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய இயந்திரம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

தங்கவயலிலிருந்து வருகிறவர்களின் பாட்டனார்கள் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். பேரன்மார்கள் இருட்டில் ரயிலேறி இருட்டில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது வியர்வையில் நனைந்த நோட்டாக இருக்கலாம். ஆனாலும் அது நல்ல காசு. அட்டை வழவழப்பாக இருக்கிறது என்பதற்காக அந்த நோட்டின் மதிப்பு இரண்டு ரூபாய் குறைந்துவிடக் கூடாது. நிர்வாகிகள் ஒரு நாள் காலையில், கையில் அட்டை இல்லாமல், ஒரு நூறு ரூபாய் நோட்டுடன் அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும். மற்றதெல்லாம் அவர்களுக்கே விளங்கும்.