சிதம்பரத்துக்கு எந்த வழி?

வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அன்னையாருக்கு இப்போது 78 வயது. 12 வயதுச் சிறுமியாய் இருந்தபோது, தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகைவண்டியில் சிதம்பரம் சென்று கூத்தப்பெருமானைத் தரிசித்தவர். கண்மூடு முன்னர் இன்னொரு முறை அந்தச் சந்நிதியில் நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பேரப்பிள்ளைகள் இருவரும் உடன்வர ஆயத்தமாய் இருக்கிறார்கள். “கப்பலா, விமானமா? எந்த மாதம் போவது? என்னென்ன கொண்டுபோவது?” என்று கேட்கிறார் சகோதரி. இதே கேள்விகளை வேறு சிலரும் கேட்டிருப்பதால் இவ்வாரப் பகுதியை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அன்னையார் சென்ற வழி இன்று இல்லை. 1914-ஆம் ஆண்டு தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பற் போக்குவரத்து, 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்தது. தனுஷ்கோடி என்ற ஊரையே கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980-களில் போர் மூண்டபோது நின்றது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்தக் கடலைச் சீட்டு வாங்கிக் கடக்க வழியில்லாமற் போயிற்று. சீட்டில்லாமற் கடந்தவர்கள் பட்ட பாட்டை நம் வீடுகளில் எவருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

2023 ஒக்டோபர் 14-ஆந் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. ஒரு வாரங்கூட நிறையவில்லை. 20-ஆந் திகதியே மாரியை முன்னிட்டு நிறுத்திவிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 16-ஆந் திகதி 150 இருக்கைகள் கொண்ட ‘சிவகங்கை’ வந்தது. அதுவும் நவம்பரில் நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. இந்தத் திகதிகளை வரிசையாய் வைத்துப் பார்ப்பவர்களுக்கு வேறு பஞ்சாங்கம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்தக் கப்பலை நம்பி ஒரு நிகழ்ச்சியையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகையால், மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக விரும்புகிறவர் விமானத்தையே நாடவேண்டும். ஆனித் திருமஞ்சனத்துக்குப் போகிறவர் கப்பலை எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் எந்த நாள் கப்பல் இல்லை, கட்டணம் எவ்வளவு, இலவசமாய் ஏற்றக்கூடிய பொதி எத்தனை கிலோ என்பவை பருவத்துக்குப் பருவம் மாறுவன. சீட்டு வாங்கும் அன்றே இவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அயல்வீட்டார் போன ஆண்டு சொன்ன கணக்கு இந்த ஆண்டு உதவாது.

தூரம் சுமார் 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். அலைக்குத் தலை சுற்றுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேட்டு வாங்குவது நலம். ஆட்டம் அங்கே குறைவு. வெறும் வயிற்றோடும் ஏறவேண்டாம், வயிறு முட்டவும் உண்ணவேண்டாம். முதியவர்களுக்கு வைத்தியரைக் கேட்டு ஒரு மாத்திரையை முன்னரே கொடுத்துவிடலாம்.

விமானத்தின் கதை வேறு. இலங்கைக்குச் சொந்தமான முதல் விமான சேவையாகிய எயர் சிலோன், 1947 டிசம்பர் 10-ஆந் திகதி இரத்மலானையில் எழுந்து, யாழ்ப்பாணத்தில் இறங்கியே சென்னைக்குப் போயிற்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பலாலி மீண்டும் சர்வதேச விமான நிலையமாய்த் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17-இல். இடையில் கொரோனாக் காலத்தில் மூடப்பட்டு, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் விட்டார்கள். சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரமளவே ஆகும். ஆயினும் சிதம்பரத்துக்குப் போகிறவர் சென்னையில் இறங்கினால் மீண்டும் தெற்கே நெடுந்தூரம் வரவேண்டும். திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூர், கும்பகோணம் வழியே போகலாம். நாகப்பட்டினத்தில் இறங்குகிறவருக்கோ காரைக்கால், சீர்காழி தாண்டினால் சிதம்பரம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட ஊர். அதற்கெனத் தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

சகோதரிக்கு என் அபிப்பிராயம் இது: அன்னையாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமானால் ஆனியில் கப்பலிலேயே கூட்டிச்செல்லுங்கள். கடலைக் கடந்து போவதும் அவருடைய ஆசையில் ஒரு பங்கு என்று கடிதத்தைப் படிக்கையில் எனக்குத் தோன்றியது. ஆனால் விசா முடிகிற நாளையும் திரும்புகிற நாளையும் அருகருகே வைத்துவிடாதீர்கள். காற்று எழுந்து கப்பல் நின்றுவிட்டால், விசா நாள் கடந்து அங்கே தங்கியவர் ஆகிவிடுவீர்கள். அது அபராதத்தோடு போகிற குற்றமன்று. மறுமுறை விசா கேட்கும்போதும் முன்னால் வந்து நிற்கும். ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். விமானச் சீட்டுக்குப் போதிய பணமும் கையில் தனியே இருக்கட்டும்.

இனிப் பத்திரங்கள். கைக்குழந்தையாயினும் அதற்கெனத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். செல்லுபடியாகும் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமல் எஞ்சியிருக்க வேண்டும். முன்னர் இதற்காகக் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அலைந்தோம். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். விசா பற்றிய ஐயங்களுக்கு 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் இந்தியத் துணைத் தூதரகத்தை நாடலாம். இணையத்தின் மூலம் பெறுகிற விசா இந்தியாவின் எல்லா வாயில்களிலும் செல்லாது; குறிப்பிட்ட சில வாயில்களில் மாத்திரமே செல்லும். நீங்கள் இறங்கப்போகும் இடம் அந்தப் பட்டியலில் உண்டா என்பதைக் கப்பற் சீட்டு வாங்குமுன் பார்க்கவேண்டும், வாங்கியபின் அன்று. வைத்தியத்துக்காகப் போகிறவர்கள் அதற்குரிய விசாவையே கேட்டுப் பெறுக. வழக்கமாய் உட்கொள்ளும் மருந்துகளின் வியாபாரப் பெயர்கள் அங்கே வேறாயிருக்கும். மருந்தின் மூலப் பெயரை வைத்தியரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு நான் ஓரிடத்தில் ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் இரவு பத்து மணிக்கு ஒரு விடுதி வாயிலில் போய் நின்றேன். முதலாளி எழுந்து வரவேற்றார், என் பேச்சைக் கேட்டு, “சிலோனா? யாழ்ப்பாணமா?” என்று மகிழ்ந்தார்; தேநீருக்கும் ஆள் அனுப்பினார். கடவுச்சீட்டை நீட்டியதும் முகம் வாடிவிட்டது. “நீங்க நம்ம ஆளுதான் சார், ஆனா பாஸ்போர்ட்டு வேற நாடாச்சே” என்றார். தேநீரை மாத்திரம் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அவர்மேல் பிழையில்லை. பிறநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவ்விவரத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதற்கெனப் பதிவு செய்துகொள்ளாத சிறு விடுதிகள் கையை விரித்துவிடுகின்றன. ஆகவே, தங்குமிடத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்யும்போது, “இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை கொடுப்பீர்களா?” என்று வெளிப்படையாய்க் கேட்டுவிடுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் அறிவிக்கும் கடமை அந்த உறவினருக்கு உண்டு. அன்பு மிகுதியால் அவர் மறந்துவிடக்கூடும், நீங்கள் நினைவுபடுத்துங்கள். அகதி முகாம்களில் இன்றும் இருக்கிற சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள், முகாம் அதிகாரியின் அனுமதியை முதலில் கேட்பதே முறை. உங்கள் அவசரத்தால் அவர்களுக்கு ஒரு தொல்லை வந்துவிடக் கூடாது.

ஓகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அவ்வேளையில் நாகப்பட்டினம் பக்கத்தில் அறை கிடைப்பது அரிது. மாதாவைக் காணப் போகிறவர்கள் வெகு முன்னரே இடம் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் அந்நாட்களைத் தவிர்க்கலாம். நாகூர்க் கந்தூரிக் காலத்துக்கும் இதுவே பொருந்தும்.

பண விஷயம். இலங்கை ரூபாயை அங்கே கடைக்காரர் வாங்கமாட்டார். சிறு நகரங்களில் மாற்றுவதும் எளிதன்று. தேநீர்க் கடையிலிருந்து பூக்காரி வரை எல்லாரும் இப்போது கைத்தொலைபேசியாலேயே காசு வாங்குகிறார்கள். அங்கே வங்கிக் கணக்கில்லாத நமக்கு அந்த வசதி உடனே வாய்க்காது. எனவே 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். 2000 ரூபாய்த் தாளைப் பழைய பெட்டியில் யாரேனும் வைத்திருந்தால் அது அங்கேயே கிடக்கட்டும். 2023-இல் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் நம்முடைய சதுர முனைச் செருகி அங்குள்ள துளைகளில் புகாது. இங்கேயே ஒரு மாற்றுச் செருகி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கூட்டைத் திருத்த வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

மொழி ஒன்றுதானே என்று எண்ணிப் போகிறவர்கள் கடை வாயிலில் திகைப்பது வேடிக்கை. நாம் சர்க்கரை என்பதை அங்கே வெல்லம் என்பார்கள். சர்க்கரை கேட்டால் பெரும்பாலும் வெள்ளைச் சீனியைத் தருவார்கள். “எனக்குச் சர்க்கரை” என்று எவரேனும் சொன்னால் அவருக்கு நீரிழிவு என்று பொருள். பாண் என்றால் விளங்காது, பிரெட் என்று கேளுங்கள். சவர்க்காரம் என்றால் விழிப்பார்கள், சோப்பு என்றால் உடனே கிடைக்கும். உறைப்பு அங்கே காரம். “உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்” என்றால் கதை சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருப்பார்கள். ஆட்டோக்காரரை அண்ணா என்றழைத்து, ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் நம் பேச்சை மாற்றி அவர்களைப்போலப் பேச முயலவேண்டாம். நம் பேச்சைக் கேட்டவுடன் அங்கே ஒரு கனிவு பிறக்கிறது. அதை ஏன் இழப்பது?

மாமல்லபுரம் போகிற குடும்பங்களுக்கு ஓர் உபாயம். அங்குள்ள தொல்லியல் சின்னங்களைப் பார்க்க 2018-இல் வகுத்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், பிறநாட்டவருக்கு 600 ரூபாய். ஆனால் சார்க் நாட்டுப் பிரஜைகளுக்கு இந்தியருக்குரிய கட்டணமே. பலகையில் சிறு எழுத்தில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒருநாட் செலவு மிஞ்சும்.

மாணவர்களுக்கு வேறு ஆசைகள் இருக்கும். தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூல்நிலையமும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. 1981-இல் நம் நூல்நிலையம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவற்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சிதம்பரத்திலோ, 1864-இல் நம் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். யாழ்ப்பாணத்தார் அந்த ஊரில் முழு அந்நியர் அல்லர் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அன்னையாரே சொல்லட்டும். புத்தகம் வாங்குகிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். திரும்பும்போது பொதிக் கட்டணம் புத்தக விலையை எட்டிவிடும் என்று எச்சரிக்கிறேன். நான் எட்டவிட்டவன்.

புகைவண்டியில் இடம் ஒதுக்குவதாயின், 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே பதிவு தொடங்குகிறது. கன்று, விதை, பழம் எதையும் உறவினருக்கென்று கொண்டுபோகாதீர்கள், துறைமுகத்திலேயே பறித்துவிடக்கூடும். நகையும் வழக்கமாய் அணிவது போதும்.

சகோதரி இன்று மாலையே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அன்னையாரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இரண்டையும் எடுத்து அருகருகே வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அக்காலத்தில் பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். இக்காலத்தில் அதிகாரி ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புகிறார். திருத்தி எடுக்கச் சில மாதங்கள் ஆகலாம். ஆனிக்கு முன் அது முடியவேண்டும்.