கால்பந்து ஆடும் மாணவரின் உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது?

2005இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை ரெஜி புஷ் என்ற கறுப்பின மாணவர் வென்றார். படிக்கும் காலத்திலேயே அவரும் குடும்பத்தாரும் வெளியாரிடம் பணமும் வசதிகளும் பெற்றனர் என்ற குற்றச்சாட்டால் 2010இல் அக்கோப்பையை இழந்தார். 2024இல் அது அவரிடமே திருப்பித் தரப்பட்டது. இடையில் மாறியவை விதிகள்தாம். மாணவ வீரர்களின் கல்விசார் பயன்களுக்கு வரம்பு விதித்தது சட்டவிரோதம் என 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில், முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் வழங்கவும், பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழிசெய்யும் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது.

பணம் வாங்காமல் ஆடுவதே தூய்மை என்ற கருத்தின் பிறப்பிடத்தை நாம் மறக்கலாகாது. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியினர் வகுத்த விதி, கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் ‘அமெச்சூர்’ அல்லர் என்று விலக்கியது. உடலுழைப்பைத் தீட்டாகக் கருதும் மனம் நமக்குப் புதிதன்று. கார்லைல் பள்ளியில் கால்பந்து ஆடிய பூர்வகுடி மாணவர் ஜிம் தோர்ப், கோடை விடுமுறையில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடியதற்காக 1912 ஒலிம்பிக்கில் வென்ற இரு தங்கங்களையும் இழந்தார். அவர் மட்டுமே வெற்றியாளர் என முழுமையாக ஏற்கப்பட்டது 2022இல். அப்போது அவர் இறந்து அறுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? இங்கே கோடிகள் புழங்கவில்லை. ‘அணியில் ஆடு, கட்டணம் வேண்டாம்’ என்ற வாய்ச்சொல்தான் புழங்குகிறது. கோப்பை கல்லூரியின் விளம்பரப் பலகைக்குப் போகிறது. முழங்கால் முறிந்தால் வாய்ச்சொல்லும் முறிந்துவிடுகிறது.

இதில் ஒரு சட்ட நுட்பம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்புக்கு மிகாத ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும், கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 வழிசெய்தது. அரசு தரும் உரிமையைக் கல்லூரி தன் கொடையாகக் காட்டிப் பிள்ளையை மைதானத்தில் நிறுத்தினால், முறையற்றது எது? அதைவிட ஆபத்தானது, ‘விளையாட்டு வீரர்’ என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் பதிந்துவிடுவது. ஒன்றிய அரசின் உதவித்தொகை நெறிமுறைகளின்படி அவ்விடத்தில் சேர்ந்தவருக்கு உதவித்தொகை கிடையாது. ஆட்டம் நின்ற மறு பருவத்தில் முழுக் கட்டணமும் அக்குடும்பத்தின் தலையில் விழும்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது நம் உச்ச நீதிமன்றம். மாணவர் தொழிலாளர் அல்லர் என்று கல்லூரிகள் மறுக்கும். அமெரிக்கக் கல்லூரிகளும் பல பத்தாண்டுகள் அதையேதான் சொல்லின.

அந்த வழக்கு இங்கு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கை, காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, ஆட முடியாமற்போனாலும் சலுகை தொடருமா என்பவற்றைச் சேர்க்கை நாளன்றே எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது 2018 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிக்கை. சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு ஊருக்கு ஜீப்பேறுங்கள்.